கொம்பு வைச்சது ஆர்?

அவ ஒரு இடத்துக்குள்ளை நுழைஞ்சால் முதல் வணக்கம் ஆருக்குப் போகும் எண்டதிலை ஒரு சந்தேகமும் வேண்டாம். மேசைத் தலைப்பிலை இருக்கிற பெரிய மனுசருக்கு இல்லை, கதவடியிலை நிக்கிறவருக்குத்தான். ரெயினிலை ரிக்கற் பாக்க ஏறுறவை இருக்கினமல்லோ, அவையளைக் கண்டால் முழுப் பெட்டியும் யன்னலுக்கு வெளியிலை பாக்கும். அவ மட்டும் முகம் முழுக்கச் சிரிப்போடை, "வாங்கோ, வாங்கோ, இண்டைக்குக் குளிர் எப்பிடி?" எண்டு சுகம் விசாரிப்பா. ஒருநாள் ரிக்கற் எடுக்க மறந்து பிடிபட்டும் அதே சிரிப்புத்தான். தண்டம் எழுதிக் குடுத்த துண்டை வாங்கிப் பாத்திட்டு, "வடிவான கையெழுத்து" எண்டா.

இப்ப அவ பிறேசிலுக்குத் திரும்பிப் போய் மூண்டு வருசமாகுது. ஆனாலும் நான் எங்கையும் கதவடியிலை நிக்கிற மனுசரைக் கண்டால் ஒரு தரம் நிண்டு போறன். அந்தப் பழக்கம் அவவாலை வந்த பழக்கம்.

நான் நோர்வேயிலை, ஹொல்ம்லியாவிலை ஒரு அடுக்குமாடித் தொகுதிக்கு வக்ட்மெஸ்டர், கட்டடம் பாக்கிற ஆள். பனி தள்ளுறது, பல்ப் மாத்திறது, அடைச்ச குழாயைத் திறக்கிறது, கண்ணாடிப் போத்தலைக் காகிதத் தொட்டிக்குள்ளை போட்ட மகாராசனைத் தேடிப் பிடிக்கிறது, எல்லாம் என்ரை தலையிலை. தொகுதியின்ரை திறப்பு முழுக்க என்ரை இடுப்பிலை தொங்கும். லிப்ட் நிண்டால் என்ரை பேர் நாறும். ஓடினால் என்ரை பேர் ஆருக்கும் தெரியாது. எனக்கு வாயும் கொஞ்சம் நீளம், கோவமும் கொஞ்சம் கெதி. அதையும் முதலே சொல்லிப்போடுறன்.

அவ குடிவந்தது ஒரு மாசிமாதச் சனிக்கிழமை. அம்பது வயது மதிக்கலாம், பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு, முதியோர் இல்லத்திலை வேலை. எங்கடை வீட்டுச் சங்கத் தலைவர், இளைப்பாறின மனுசன், நெட்டையான ஆள், கடதாசி இல்லாமல் கக்கூசுக்கும் போகமாட்டார், வரவேற்புக் கடிதத்தோடை வாசலிலை கையை நீட்டிக்கொண்டு நிண்டார். அவ அந்தக் கைக்குக் கீழாலை குனிஞ்சு வந்து, பனி மண்வெட்டியோடை நிண்ட என்ரை கையைப் பிடிச்சா.

"நீதானே இஞ்சத்தை வாசல்காரன்?"

"ஓம்" எண்டன்.

"அப்ப முதல் உனக்கு, மகன். பிறகுதான் மற்றவைக்கு."

மகனாம்! அவவைவிட நான் இரண்டு வயது மூப்பு. பிறகுதான் தெரிஞ்சுது, அவ எல்லாரையும் அப்பிடித்தான் கூப்பிடுறவ எண்டு. தலைவரையும் ஒருக்கால் அப்பிடிக் கூப்பிட, அந்த மனுசன் காது சிவந்துபோய் நிண்டார். நாங்கள் கதைச்சது நொர்வேஜியன். அவவின்ரை நொர்வேஜியன் பாட்டு மாதிரி இழுபடும், என்ரை நொர்வேஜியன் சோத்துக்கை கல்லு மாதிரி கடிபடும். நான் இஞ்சை எழுதுறது எனக்கு விளங்கின தமிழ்.

நிலக்கீழ்த் தளத்திலை ஒரு பொது அறை இருக்குது. பிறந்தநாள் கொண்டாட, சும்மா கூடியிருந்து கோப்பி குடிக்க எண்டு விட்டது. அவ சனிக்கிழமை மத்தியானம் ஒண்டிலையிருந்து அஞ்சு வரைக்கும் அதைக் கேட்டு எழுதினா. 'மத ஒன்றுகூடல்' எண்டு போட்டிருந்தா. கிடைச்சுது. பன்னிரண்டு பேரளவிலை வருவினம். தாதிமார், ஒரு பஸ் ஓட்டுறவர், துப்புரவு வேலை செய்யிற பொம்பிளையள், எல்லாரும் வெள்ளை உடுப்பு. மேளம் அடிச்சுப் பாடுவினம். முன்னோர் ஆவியள் அவவின்ரை உடம்பிலை இறங்கி, வந்தவையின்ரை கவலையைக் கேட்டு ஆறுதல் சொல்லுவினமாம். உம்பாண்டா எண்டு அந்தச் சமயத்துக்குப் பேர். எங்கடை கோயிலிலை கலை வந்து ஆடுறதைக் கண்ட எனக்கு அதிலை புதினம் ஒண்டும் இல்லை.

"இதுக்கு முன்னம் இரண்டு இடத்திலை அறை தந்திட்டுப் பறிச்சவை, மகன்" எண்டு அவவே சொன்னவ. "இது மூண்டாவது. இதுவும் போனால் நான் இந்தச் சனத்தை எங்கை கூட்டிக்கொண்டு போறது? வருசம் முழுக்க மற்றவையின்ரை தாய் தகப்பனைக் குளிப்பாட்டிப்போட்டு வாற சனம். கிழமையிலை ஒருநாள் அழ ஒரு இடம் வேணும்."

சித்திரை மாதம் அந்த அறையிலை ரியூப் லைற் மாத்தப் போனன், அவவும் அங்கை நிண்டா. கதவுக்குப் பக்கத்திலை ஒரு சின்ன மரப்பெட்டி, திறந்து கிடந்தது. உள்ளை பாத்தன். அம்மாளாச்சி! சிவப்பும் கறுப்புமா ஒரு உருவம். தலையிலை கொம்பு, கையிலை முத்தலைச் சூலம், வாயிலை நக்கல் சிரிப்பு. பக்கத்திலை சிவப்புப் பாவாடையோடை இடுப்பிலை கைவைச்சுக்கொண்டு ஒரு பொம்பிளை. ஏணியிலை நிண்டபடியே கேட்டன்.

"உவர் ஆர்?"

"எஷு. வாசல்காரர்" எண்டா அவ, கதிரை துடைச்சபடி. "சந்தி, தெரு, படலை எல்லாம் அவற்றை பொறுப்பு. அவருக்கு முதல் சொல்லாமல் ஒரு சாமியும் உள்ளை வராது. கெட்டது வந்தால் மறிக்கிறதும் அவர்தான்."

"அப்ப கொம்பு?"

"கொம்பு வைச்சது வேறை ஆக்கள், மகன். ஆபிரிக்காவிலையிருந்து அடிமையாப் பிடிச்சுக்கொண்டு வந்த சனம் இவரையும் மனசிலை கொண்டுவந்தது. பாதிரிமார் பாத்தினம். கறுப்பா இருக்கிறார், சந்தியிலை நிக்கிறார், போதாததுக்குச் சிரிக்கிறார். இது பிசாசேதான் எண்டு எழுதிப்போட்டினம். பிறகு சிலை செய்யிறவன் அந்த எழுத்தைப் பாத்துச் செய்தான்."

"கழட்டிப்போடலாம்தானே?"

"அவர் வேண்டாம் எண்டிட்டார். கொம்பைக் கண்டு ஓடுறவன் ஓடட்டும், நிண்டு கேக்கிறவன் எனக்குக் காணும் எண்டவர்." சொல்லிப்போட்டு அவ சிரிச்ச சிரிப்பிலை ஏணியே ஆடிச்சுது.

அவவின்ரை சாமியள் எல்லாருமே அப்பிடித்தான், பேர் கெட்டவை. சிவப்புப் பாவாடைக்காரி பொம்பஜிரா. சிரிச்சால் குற்றம், நிமிந்து நடந்தால் குற்றம் எண்டு ஊர் வாயிலை விழுந்த பொம்பிளையள் செத்த பிறகு, அந்தப் பேரிலை வந்து மற்றப் பொம்பிளையளுக்குப் புத்தி சொல்லுவினமாம். இன்னொருத்தர் மாலுமி, தள்ளாடித் தள்ளாடி வருவாராம். "வெறியெண்டு நினையாதை, மகன். அவற்றை காலுக்குக் கீழை இப்பவும் கடல்" எண்டா.

வேலையிடத்திலையும் இதே கதைதான். முதியோர் இல்லத்திலை ஒரு கிழவர், சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கி எறியிறவராம், கையைக் கடிக்கிறவராம். அவ தன்ரை வேலையை அவரிலையிருந்துதான் துவங்குவா. ஒரு மாதத்திலை காரணத்தைக் கண்டுபிடிச்சா. மனுசன் இடக்கைக்காரன், எல்லாரும் வலப்பக்கத்திலை கோப்பையை வைச்சிருக்கினம். "விசரன் எண்டு எழுதி வைச்சிருந்தவை, மகன்!" எண்டு எனக்கு வந்து சொல்லேக்கை அவவுக்குக் கண் கலங்கிப்போச்சு.

ரியூப் லைற் மாத்தின அண்டைக்கு நானும் ஒரு கதை சொன்னன். ஏன் சொன்னன் எண்டு தெரியேல்லை. எங்கடை ஆக்களிட்டைச் சொல்லேலாது, சொன்னால் அடுத்த ஊர் திராமன் வரைக்கும் போயிடும். என்ரை ஒரே மகள் வடக்கை, துரொண்ட்ஹெய்மிலை ஒரு நொர்வேஜியப் பெடியனோடை இருக்கப் போயிட்டாள். நான் தொலைபேசியிலை சொல்லக்கூடாத ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டன். எட்டு மாதம், ஒரு கதையும் இல்லை. நான் எடுத்தால் அவள் எடுக்கிறேல்லை. கடைசியிலை நானும் எடுக்கிறதை விட்டிட்டன்.

அவ கதிரை துடைக்கிறதை நிப்பாட்டினா. "வழி பூட்டிக் கிடக்கு" எண்டா. "பாப்பம்."

ஒரு கிழமை கழிச்சு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலமை, ரெயின் நிலையத்துக்குப் போற நடைபாதையும் எங்கடை தொகுதிப் பாதையும் வெட்டுற சந்தியாலை வந்துகொண்டிருந்தன். காலை எடுத்து வைச்ச பிறகுதான் கீழை பாத்தன். ஒரு மண்சட்டி. அதுக்குள்ளை செம்மஞ்சள் எண்ணெயிலை வறுத்த மா, மேலை செத்தல் மிளகாய், பக்கத்திலை சிவப்பு மெழுகுதிரி, ஒரு சுருட்டு. நான் அதைக் கடந்திட்டன்!

எங்கடை ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒருத்தருக்குப் பிடிச்ச தோசத்தைக் கழிச்சு, அந்தக் கழிப்பைச் சந்தியிலை கொண்டுபோய் வைப்பினம். கடந்து போறவனிலை அது ஒட்டிக்கொள்ளும். ஓட்டமா வீட்டை வந்தன்.

மனுசி வாசலிலையே மறிச்சா. "இஞ்சாருங்கோ, உள்ளை காலை வையாதேங்கோ! அப்பிடியே நில்லுங்கோ!" மஞ்சள் தண்ணி கொண்டுவந்து என்ரை காலைக் கழுவி, உப்பும் செத்தல் மிளகாயும் கைநிறைய அள்ளி என்னை மூண்டுதரம் சுத்தி, சட்டியை அடுப்பிலை நல்லாக் காயவைச்சு அதுக்குள்ளை போட்டா. கமறினால் கண்ணூறு இல்லை, கமறாட்டில் பொல்லாதது. கமறேல்லை எண்டு இன்னொரு கைப்பிடி போட்டா. பிறகு கமறிச்சுது பாருங்கோ! நான் இருமி, மனுசி இருமி, கடைசியிலை கூரையிலை இருந்த எச்சரிக்கை மணி அலறத் துவங்கிச்சுது.

பத்து நிமிசத்திலை தீயணைப்பு வண்டி இரண்டு. முழுத் தொகுதியும் வாகனத் தரிப்பிடத்திலை, நித்திரை உடுப்போடை, பூனையளோடை. அவ தலையிலை துவாய் சுத்தினபடி நிண்டு ஆருடையோ குழந்தைக்கு விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தா. தலைவர் கடதாசியோடை என்னட்டை வந்தார். வக்ட்மெஸ்டரின்ரை வீட்டிலையிருந்தே எச்சரிக்கை மணி! வெக்கத்துக்கு நான் எங்கை போறது? கறி எரிஞ்சு போச்சு எண்டு புளுகினன். அதோடை விட்டிருக்கலாம். என்ரை நீள வாய் விடேல்லை. கதையை மாத்த வேணும் எண்ட அவதியிலை, "இதைவிடப் பெரிய பிரச்சினை கீழை அந்த அறையிலை நடக்குது" எண்டன். "கொம்பு வைச்ச சிலை வைச்சிருக்கினம். பிசாசு வேலை. சந்தியிலை சூனியச் சட்டி வைக்கினம்."

தலைவர் அதை எழுதிக்கொண்டார்.

பின்னேரம் தொலைபேசி அடிச்சுது. மகள்! ஆரோ தீயணைப்பு வண்டியை வீடியோ எடுத்துப் போட்டிருக்கினம், அவள் துரொண்ட்ஹெய்மிலை இருந்து பாத்திருக்கிறாள். "அப்பா, எங்கடை வீடே எரிஞ்சது? நீங்கள் இரண்டு பேரும் சுகமோ?" எண்டு கத்தினாள். எட்டு மாதத்துக்குப் பிறகு கேக்கிற குரல். நடந்ததைச் சொன்னன். கால் கழுவினது, மிளகாய், எல்லாம். அவள் சிரிக்கத் துவங்கி நிப்பாட்ட ஏலாமல், "அப்பா, உங்களுக்கென்ன விசரோ?" எண்டாள். "ஓம் மோனை, விசர்தான்" எண்டன். அந்தச் சொல்லக்கூடாத சொல்லுக்கும் சேர்த்துத்தான் சொன்னன், அவளுக்கு விளங்கிச்சுது.

அடுத்தநாள் அவவைப் படியிலை கண்டு, மகள் எடுத்தவள் எண்டு சொன்னன். பையைக் கீழை போட்டிட்டு அவ இரண்டு கையையும் தட்டித் துள்ளினா. அந்தப் பெரிய உடம்பு துள்ளினதைப் பாக்கோணும்.

"உனக்காகத்தான் சந்தியிலை எஷுவுக்குச் சாப்பாடு வைச்சனான்! வழி திறக்கச் சொல்லி! அவர் நேர் பாதையாலை வரமாட்டார், மகன், எப்பவும் சுத்திக்கொண்டுதான் வருவார்."

எனக்காக வைச்ச விருந்தை நான் சூனியம் எண்டு சொல்லிப்போட்டன். அப்பவே வாயைத் திறந்து சொல்லியிருக்க வேணும். நான் கோழை. சிரிச்சு மழுப்பிப்போட்டு இறங்கிப் போனன்.

அந்தக் கிழமையே பூசணிக் கேக்கோடை என்ரை வேலைச் சாமான் அறைக்கு வந்தா. சுவரிலை வைரவர் படம் கொழுவியிருக்கிறன். கோரைப் பல்லு, மண்டையோட்டு மாலை, சூலம், பக்கத்திலை நாய், உடம்பிலை துணியும் இல்லை. அவ கேக்கை வைச்சிட்டுக் கும்பிட்டா.

"இவர் ஆர்?"

"வைரவர். கோயிலுக்குக் காவல். பூசை முடிச்சுக் கோயிலைப் பூட்டினால் திறப்பு இவற்றை பொறுப்பு."

"பல்லு?"

"அது சும்மா, கெட்டதை வெருட்ட. ஆள் நல்லவர். ஒரு வடைமாலை போட்டால் காணும், குளிர்ந்துபோவார். பாக்கிற ஆக்கள்தான் பிழையா..." எண்டு சொல்லிக்கொண்டு வந்தவன் நடுவிலை நிண்டிட்டன்.

அவ படத்தைப் பாத்தா, என்ரை இடுப்பிலை தொங்கின திறப்புக் கோர்வையைப் பாத்தா, என்ரை முகத்தைப் பாத்தா. பிறகு பெயின்ற் வாளியிலை குந்தி, கண்ணாலை தண்ணி வரும்வரைக்கும் சிரிச்சா.

வைகாசியிலை அறிவித்தல் ஒட்டுப்பட்டுது. ஒட்டினவனும் நான்தான், அது என்ரை வேலை. பொதுக்கூட்டம், நாலாவது விசயம்: நிலக்கீழ் அறையைச் சனிக்கிழமைகளிலை குடுக்கிறதை நிப்பாட்டுறது. அதை வாசிச்ச அண்டைக்கு அவ முதல்தரமா என்னட்டைச் சிரிக்காமல் கதைச்சா. "இந்தமுறை என்னாலை புது இடம் தேட ஏலாது, மகன். களைச்சுப்போனன்" எண்டா. எனக்கு மூண்டு நாள் நித்திரை இல்லை.

கூட்டம் பின்னேரம் ஆறு மணிக்கு, அதே அறையிலை. தலைவர் வாசிச்சார். ஒரு இளந்தகப்பன், பிள்ளையள் இருக்கிற இடத்திலை பிசாசு வணக்கம் கூடாது எண்டார். முதலாம் மாடி விதவை அம்மா மேளச் சத்தம் எண்டா. அவவின்ரை பன்னிரண்டு பேரும் சுவரோடை நிண்டினம், வேலை உடுப்போடையே வந்தவையும் இருந்தினம். அவவைக் கதைக்கச் சொல்லிச்சினம். எழும்பினா. "நாங்கள் ஒருத்தருக்கும் கெட்டது செய்யேல்லை. வேறை என்ன சொல்லுறதெண்டு எனக்குத் தெரியேல்லை" எண்டா. குரல் நடுங்கிச்சுது. இருந்திட்டா.

அந்தக் குரலைக் கேட்ட பிறகு என்னாலை இருக்க ஏலேல்லை.

"இதை முதல் சொன்னவன் நான்" எண்டு எழும்பினன். எல்லாத்தையும் அவிட்டன். சட்டி ஏன் சந்தியிலை இருந்தது, அது எனக்காக வைச்ச சாப்பாடு, நான் அதைக் கடந்தது, கால் கழுவினது. "கறி எரியேல்லை. பேயை விரட்ட மிளகாய் எரிச்சனாங்கள்."

தலைவர் கண்ணாடியைக் கழட்டினார். "அப்ப தீயணைப்புப் படை வந்தது மிளகாய்க்கோ?"

"ஓம். மிளகாய்க்கு."

அறை வெடிச்சுச் சிரிச்சுது. சிரிக்கட்டும் எண்டு விட்டிட்டு, கொண்டுபோன வைரவர் படத்தைத் தூக்கிக் காட்டினன். "இது நான் கும்பிடுற சாமி. இருபது வருசமா இந்தக் கட்டடத்துக்கை இருக்கிறார். எங்களைக் காக்கிறவர். அவவின்ரை சாமியும் அதே வேலைதான் பாக்கிறார். இவரை வைச்சிருக்கலாமெண்டால் அவரையும் வைச்சிருக்கலாம். கலைக்கிறதெண்டால் இரண்டு பேரையும் கலையுங்கோ, என்னையும் சேர்த்து."

விதவை அம்மா எட்டிப் பாத்தா. "நாய் நல்ல வடிவு" எண்டா.

வாக்கெடுப்பிலை அறை தப்பிச்சுது. நிபந்தனை போட்டினம்: மேளம் நாலு மணியோடை சரி, நெருப்பு, புகை ஒண்டும் கூடாது. அதுக்குப் பிறகு எஷு அவவிலை இறங்கி வந்த நேரமெல்லாம் பத்தவைக்காத சுருட்டைத்தான் வாயிலை வைச்சிருந்தவர். அடிமைக் கப்பலையே தாண்டி வந்த மனுசன், வீட்டுச் சங்கத்தைத் தாண்டமாட்டாரோ எண்டு அவ சொல்லிச் சொல்லிச் சிரிப்பா.

கூட்டம் கலைஞ்ச பிறகு நாங்கள் இரண்டு பேரும் கதிரையளை அடுக்கினம். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான்தான் எண்டு இண்டைக்குத்தான் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்" எண்டன்.

"தீயணைப்பு வண்டி வந்த அண்டைக்கே தெரியும். தலைவர் நேரை வந்து, வக்ட்மெஸ்டர் சொல்லுறது உண்மையோ எண்டு என்னட்டைக் கேட்டவர்."

தெரிஞ்சுகொண்டோ இவ என்ரை மகளுக்காகத் துள்ளினவ? தெரிஞ்சுகொண்டோ கேக் கொண்டுவந்தவ?

"அப்ப ஏன் என்னை ஒரு வார்த்தை பேசேல்லை?"

அவ அடுத்த கதிரையை எடுத்தா. "நான் குடிவந்த முதல் கிழமை, இஞ்சை இரண்டு பேர் வந்து எனக்குச் சொன்னவை. அந்த வக்ட்மெஸ்டரோடை கவனம், பெத்த மகளை அடிச்சுக் கலைச்சவன், அந்தப் பிள்ளை உயிருக்குப் பயந்து துரொண்ட்ஹெய்முக்கு ஓடினது எண்டு."

நான் என்ரை பிள்ளையிலை ஒருநாளும் கைவைச்சதில்லை. இப்பிடி ஒரு கதை நான் கூட்டித் துடைக்கிற கட்டடத்துக்கை உலாவினது எனக்குத் தெரியவே தெரியாது.

"நீங்கள் அதை நம்பினனீங்களோ?"

"உன்னட்டைக் கேக்க முன்னம் எப்பிடி மகன் நம்பிறது?" எண்டா.

நான் கதிரையைப் பிடிச்சபடி நிண்டு அழுதன். அவ அதை என்ரை கையிலையிருந்து வாங்கி அடுக்கினா.